30 அடித் தெருவில் 60 வீடுகள்

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் ஒரு 30 அடித் தெருவில் பல வருடங்களாகக் குடியிருக்கிறோம். தெருவின் நடுவில் 12 கிரவுண்டில் இருந்த பழைய கல்யாண மண்டபத்தை இடித்துவிட்டார்கள். ஸ்டில்ட் (வண்டி நிறுத்த, தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்) போட்டு அதன் மேல் ஐந்து மாடி, மொத்தம் 60 ஃபிளாட் வரப்போகிறதாம். தகர வேலியில் 'விரைவில்' என்று ஒரு பேனர் மட்டும் தொங்குகிறது. இப்போதே சனிக்கிழமை ஆனால் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருபவர்களின் கார்கள் எங்கள் தெரு வரை நிற்கின்றன. மழை பெய்து பழவந்தாங்கல் சுரங்கப்பாதையை மூடிவிட்டால் வெளியே போகவே வழியில்லை. இதில் இன்னும் 60 குடும்பம் வந்தால் என்ன ஆவது? கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கட்டடத்தைத் தடுக்க முடியுமா? அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லையா? எங்கள் வீட்டு வாசலில் வெளி வண்டிகள் நிற்காமல் இருக்க போர்டும் பூந்தொட்டியும் வைக்கலாமா?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் நேரடியான பதில்களைச் சொல்லிவிடுகிறேன். விதிப்படி இருந்தால் இந்தக் கட்டடத்தைத் தடுக்க முடியாது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லிச் சட்டமும் இல்லை. போர்டும் பூந்தொட்டியும் வைக்கக் கூடாது. இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கட்டடம் எப்படி வருகிறது, அதன் வண்டிகள் எங்கே நிற்கின்றன, கேட் எந்த இடத்தில் திறக்கிறது என்பதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கான நேரமும் இதுதான்.

நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த பேனர். ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் அல்லது 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்பவர் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு செய்ய, அனுமதி பெற்ற வரைபடம் வேண்டும். எனவே எண் இருந்தால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் திட்ட விவரங்களைப் பார்க்கலாம். எண் இல்லாமல் வெறும் 'விரைவில்' என்றால், பெரும்பாலும் அனுமதி இன்னும் வரவில்லை. கோப்பு மேசையில் இருக்கும்போது போகிற மனுவுக்கு இருக்கும் மதிப்பு, தூண் எழும்பிய பிறகு போகிற மனுவுக்கு இல்லை.

இனி 60 வீடு எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். 12 கிரவுண்டு என்றால் 28,800 சதுர அடி. 18.30 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (தளப்பரப்புக் குறியீடு) 2. அதாவது நிலத்தைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம். 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் இருக்கும் சாலையில், கட்டணம் கட்டி இன்னும் 30 சதவீதம் பிரீமியமாக வாங்கலாம். மொத்தம் 2.6 மடங்கு, ஏறக்குறைய 75,000 சதுர அடி. ஒரு ஃபிளாட் 1,200 சதுர அடி என்று வைத்தால் 60 வீடு சரியாக உட்காருகிறது. இதில் குறுக்கு வழி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பொதுக் கருத்துக் கேட்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி என்ற வழியும் இங்கே இல்லை. அது 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பில்தான் தொடங்குகிறது, இது அதில் பாதிகூட இல்லை. நில உபயோகத்தை மாற்றக் கேட்டால் மட்டும் பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்லலாம். குடியிருப்புப் பகுதியில் குடியிருப்பே கட்டுவதற்கு அது தேவைப்படாது.

இந்தக் கணக்கில் எல்லாம் தொங்குவது ஒரே ஒரு அளவில், உங்கள் தெருவின் அகலத்தில். 60 வீடு கொண்ட கட்டடத்துக்கு விதி கேட்பது குறைந்தது 9 மீட்டர் சாலை. 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம், கொஞ்சம் சொச்சம். உங்கள் தெரு சரியாக 30 அடி இருந்தாலும் மிச்சம் ஆறு அங்குலம்கூடக் கிடையாது. லேஅவுட் போட்ட காலத்தில் காகிதத்தில் 30 அடி என்று இருக்கும். பிறகு ஒருவர் காம்பவுண்டு சுவரை அரை அடி தள்ளிக் கட்டியிருப்பார், எதிர்வீட்டுக்காரர் படிக்கட்டை வெளியே இறக்கியிருப்பார். அதனால் முதல் வேலையாக ஒரு நீள டேப் எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் பிடித்து, காம்பவுண்டு முதல் காம்பவுண்டு வரை அளந்து பாருங்கள். மனை முன்னால் மட்டும் போதாது. தெரு பெரிய சாலையைத் தொடும் முனை வரை இருபது முப்பது அடிக்கு ஓர் இடத்தில் அளந்து, டேப்பின் எண் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். லேஅவுட் வரைபடத்தின் நகலையும் டவுன் சர்வே பதிவேட்டின் நகலையும் வாங்கி ஒப்பிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. அளவு குறைந்து, அது நம் பக்கத்து ஆக்கிரமிப்பால் குறைந்திருந்தால், மாநகராட்சி அதை எடுக்கச் சொல்லும். 'சாலை குறுகல், அனுமதி தராதீர்கள்' என்று எழுதும் கை, அந்தக் குறுகலுக்குக் காரணமான படிக்கட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சங்கக் கூட்டத்தில் முதலிலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மனு போன பிறகு யாராவது ஒருவர் பின்வாங்கினால் மொத்த மனுவும் வலுவிழந்துவிடும்.

அடுத்து போக்குவரத்து. 'நெரிசல் அதிகமாகும்' என்று மட்டும் எழுதினால் அதை எளிதாக ஒதுக்கிவிடுவார்கள், காரணத்தையும் சொல்கிறேன். காலை எட்டு முதல் ஒன்பது வரை 30 காரும் 60 டூவீலரும் அந்தக் கட்டடத்திலிருந்து கிளம்புகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். போக்குவரத்துக் கணக்கில் எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றுவார்கள். டூவீலர் அதிகமாக ஓடும் சாலையில் ஒரு டூவீலர் முக்கால் காருக்குச் சமம். ஆக 30 உம் 45 உம் சேர்த்து 75. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டியில், இருவழி போக்குவரத்துள்ள இரண்டு லேன் உட்சாலைக்கு மணிக்கு 900 வரை தாங்கும் என்று இருக்கிறது. 900க்கு முன்னால் 75 எந்த மூலைக்கு? கட்டுநரின் ஆலோசகர் இந்த இரண்டு எண்களை வைத்தே உங்கள் மனுவை முடித்துவிடுவார்.

ஆனால் அந்த 900, இரண்டு லேனும் வண்டி ஓடக் காலியாக இருக்கும் சாலைக்கு. உங்கள் தெருவில் அப்படி இருக்கிறதா? 9 மீட்டரில் இரண்டு ஓரமும் வடிகால் மூடி, சாய்தளம், மின்கம்பம் என்று தலா ஒரு மீட்டர் போகும். மீதி 7 மீட்டர். இரு பக்கமும் கார் நின்றால் கண்ணாடி, கதவு திறக்கும் இடம் எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு 2 மீட்டர். மீதி 3 மீட்டர். ஒரு தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் இரண்டரை மீட்டர். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். அதாவது உங்கள் தெரு இன்றே ஒற்றை லேன்தான். உங்கள் பிரச்சினை ஓடுகிற வண்டியால் வருவதைவிட நிற்கிற வண்டியால் வருவது. மனுவும் அதைத்தான் சொல்ல வேண்டும். 'புதிய கட்டடத்தின் ஒரு வண்டிகூடத் தெருவில் நிற்காதபடி வரைபடம் இருக்க வேண்டும்' என்று கேட்டால், பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

அதைக் காட்ட எளிய கணக்கெடுப்பு ஒன்று செய்யுங்கள். ஒரு வார நாளும் ஒரு சனிக்கிழமையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, கால் மணிக்கு ஒரு வரி என்று நோட்டில் கார், டூவீலர், ஆட்டோ, வேன் தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணலாம். ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நன்றாகச் செய்வார்கள். அதைவிட முக்கியமான எண்ணிக்கை இரவு பத்து மணிக்கு. தெருவில் நிற்கும் ஒவ்வொரு காரும் எந்த வீட்டுடையது, வீட்டுக்குள் இடமிருந்தும் வெளியே நிற்கிறதா என்று குறியுங்கள். கசப்பாக இருக்கலாம். பழைய தனி வீடுகளில் கார் ஷெட்டை அறையாக்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள், பழைய மூன்று மாடி ஃபிளாட்களில் வீட்டுக்கு ஒன்று என்று இருந்த இடம் இப்போது இரண்டாவது காருக்குப் போதாது. தெருவில் நிற்பதில் பாதி நம்முடையது என்று தெரிந்தால், அதையும் மனுவில் சேர்த்து, 'எங்கள் பக்கத்தில் இதைச் சரி செய்கிறோம்' என்று எழுதுங்கள். அதிகாரிகள் அப்படிப்பட்ட மனுவை அடிக்கடி பார்ப்பதில்லை.

இனி அந்தக் கட்டடத்தின் உள்ளே வருவோம். உண்மையான சண்டை இங்கேதான். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். வண்டி திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 270 சதுர அடிக்குக் குறையாது. 60 காருக்கு 16,200 சதுர அடி. ஐந்து மாடியில் 72,000 சதுர அடி என்றால் ஒரு மாடி 14,400 சதுர அடி, ஸ்டில்ட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் லிப்ட், படிக்கட்டு, மின்சார அறை, ஜெனரேட்டர், தூண்கள் எல்லாம் போக வேண்டும். இந்த 60 காரும் ஸ்டில்ட்டில் மட்டும் அடங்காது. பிறகு எங்கே போகும்? பக்கவாட்டுத் திறந்த இடத்துக்கு, பேஸ்மென்ட்டுக்கு, அல்லது ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கி நிறுத்தும் இயந்திரத்துக்கு. வரைபடம் பார்க்கக் கிடைத்தால் முதலில் இதைத் தேடுங்கள். இயந்திரப் பார்க்கிங் காகிதத்தில் அழகாக எண்ணிக்கையைக் காட்டும். கீழே இருப்பவர் வண்டியை எடுத்தால்தான் மேலே இருப்பவர் இறக்க முடியும் என்றால், அவசரக்காரர் ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தெருவில் நிறுத்தத் தொடங்கிவிடுவார். அந்த முறை அனுமதிக்கப்பட்டதுதான். அதை எதிர்ப்பதைவிட, இரண்டு அடுக்கும் ஒரே குடும்பத்துக்குப் போகும்படி ஒதுக்கக் கேளுங்கள். அப்போது தகராறு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

விருந்தினர் பார்க்கிங் இன்னொரு ஓட்டை. வீட்டுக்காரர்களுக்கு உரியது போக 10 சதவீதம் விருந்தினருக்கு விட வேண்டும். விற்கும் காலத்தில் அந்த இடங்கள் சத்தமில்லாமல் இரண்டாவது கார் வைத்திருப்பவருக்குப் போய்விடுகின்றன. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரும் சொந்தக்காரர்கள் உங்கள் கேட் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். இதற்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. திறந்தவெளிப் பார்க்கிங் பொதுப் பகுதி என்று ரெரா சட்டமே சொல்கிறது. ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று 2010இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'விருந்தினர் இடங்கள் கேட்டுக்கு அருகில், பெயின்ட் அடித்து, எண் போட்டு இருக்க வேண்டும். அவற்றை ஒதுக்கக் கூடாது' என்று நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேட் இருக்கும் இடமும் முக்கியம். சாலை விளிம்பிலேயே கேட் இருந்தால், வாட்ச்மேன் வந்து திறக்கும் வரை கார் தெருவில் நிற்கும். அதன் பின்னால் ஸ்கூல் வேன், அதன் பின்னால் நீங்கள். கேட்டை ஒரு காரின் நீளத்துக்கு, ஐந்தாறு மீட்டர் உள்ளே தள்ளினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். பணச் செலவும் அதிகமில்லை, வரையும்போதே கேட்டால் மட்டும். தண்ணீர் லாரி உள்ளே வந்து நின்று இறக்கும்படி சம்ப் இருக்கிறதா என்பதும் இதே வகை. 60 வீட்டுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும் என்று நங்கநல்லூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெலிவரி பையன்கள் பைக் நிறுத்த கேட்டின் உட்புறம் நாலு வண்டிக்கு இடம் கேளுங்கள். சாய்தளம் மனையின் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும், வடிகால் மேல் ஏறித் தெருவுக்கு வரக் கூடாது. உங்கள் வீட்டுச் சாய்தளம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இதை எழுதுங்கள்.

உங்கள் வாசல் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு முன்னால் இருக்கும் ரோடு மாநகராட்சியுடையது. உங்கள் கேட்டை மறித்து ஒருவர் நிறுத்தினால் அது தவறு, போலீஸில் சொல்லலாம். கேட்டைத் தாண்டி மதில் ஓரமாக நிறுத்தினால் அதை நீங்கள் தடுக்க முடியாது, உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளவும் முடியாது. நோ பார்க்கிங் என்று அறிவிக்கும் உரிமை போக்குவரத்துக் காவல்துறைக்குத்தான். தொட்டியும் மணல் மூட்டையும் சாலையில் வைப்பதே ஆக்கிரமிப்பு. அதைவிட, சங்கம் சேர்ந்து போக்குவரத்துக் காவல்துறையிடம் தெருவின் ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதி கேளுங்கள். மேலே போட்ட கணக்கில் ஒரு பக்கம் காலியானால் 3 மீட்டர் 5 மீட்டராகிவிடும், இரண்டு கார் நிதானமாகக் கடக்கலாம். உங்கள் பகுதியில் தெருக்கள் இணையாக ஓடுவதால், பக்கத்துத் தெருவோடு சேர்த்து ஒருவழியாக்கவும் கேட்கலாம். ஆனால் பக்கத்துத் தெருச் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அவர்கள் மறுநாளே எதிர் மனு கொடுப்பார்கள்.

கட்டுமான காலம் தனி வேதனை. ரெடிமிக்ஸ் லாரி, கம்பி ஏற்றி வரும் டிரெய்லர், தெருவில் கொட்டிய ஜல்லி. பொறியாளரைச் சந்தித்து, பள்ளி நேரத்தில் கனரக வண்டி வராது, பொருள் மனைக்குள்தான் இறங்கும், உடைந்த சாலையையும் வடிகாலையும் சரி செய்து தருவோம் என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அவர்களுக்கும் ஃபிளாட் விற்க வேண்டும், தெருவில் தகராறு என்ற பேச்சு அதற்கு நல்லதல்ல.

எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறது, அதையும் சொல்கிறேன். பழவந்தாங்கல் மின்சார ரயில் நிலையமும் 2016இல் திறந்த நங்கநல்லூர் ரோடு மெட்ரோவும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் வீடுகள் வருவது சரிதான். அவை இங்கே வராவிட்டால் ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தள்ளி வரும், அந்தக் குடும்பங்கள் தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டி வரும். அதனால் வீட்டைக் குறைக்கச் சொல்வதைவிட, தெருவிலிருந்து நிலையத்துக்கு நடக்க ஒழுங்கான நடைபாதை கேட்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத நடைபாதை வேண்டும் என்கிறது. முழுத் தெருவிலும் முடியாது. புதிய கட்டடத்தின் முகப்பு நீளத்தில், அவர்கள் மதிலைக் கொஞ்சம் உள்ளே வைத்தால், அங்கேயாவது தொடங்கலாம். கேட்டுப் பாருங்கள்.

மனு கவுன்சிலருக்கு மட்டும் போவது போதாது. இந்த அளவு கட்டடத்துக்கு அனுமதி தருவது மாநகராட்சியின் மண்டல அலுவலகம் இல்லை, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சிஎம்டிஏ. உறுப்பினர் செயலருக்கு முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் ஆலந்தூர் மண்டல அதிகாரிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும். கூடவே 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்), அந்த மனைக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் சாலை அகலம் என்ன என்று பதிவாகியிருக்கிறது, பார்க்கிங் எண்ணிக்கை எவ்வளவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவுக்குப் பதிலே இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். இத்தனை வாரத்துக்குள் மனுவைப் பரிசீலியுங்கள் என்று உத்தரவு வாங்குவதுதான் பெரும்பாலும் அதன் பயன். அதற்காக இப்போதே வக்கீலைத் தேட வேண்டாம்.

மனுவை நீளமாக எழுதாதீர்கள். முதல் பத்தி இப்படி இருந்தால் போதும்: 'எங்கள் தெருவின் அகலத்தைக் கீழ்க்கண்ட இடங்களில் அளந்தோம், படங்கள் இணைப்பில். இரவில் தெருவில் நிற்கும் கார்களின் பட்டியலும் இணைப்பில். வண்டி ஓடக் கிடைக்கும் இடம் சுமார் 3 மீட்டர். எனவே இந்த மனையில் தரப்படும் அனுமதியில் பின்வரும் நான்கு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறோம்.' அடுத்து மேலே சொன்ன நான்கு: எல்லா வண்டிகளும் மனைக்குள், விருந்தினர் இடம் தனியாக, கேட் உள்தள்ளி, தண்ணீர் லாரி உள்ளே. கையெழுத்து வீட்டு எண்ணோடு இருக்கட்டும், வாடகைக்கு இருப்பவர்களிடமும் வாங்குங்கள்.

கட்டி முடித்த பிறகும் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. நிறைவுச் சான்றிதழ் தருவதற்கு முன் சிஎம்டிஏ வந்து பார்க்கும். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. அந்தச் சமயத்தில் ஸ்டில்ட்டில் கடையோ ஜிம்மோ எழும்பியிருந்தால், விருந்தினர் இடத்தில் பெயர்ப் பலகை மாட்டியிருந்தால், படத்தோடு உடனே எழுதுங்கள். சான்றிதழ் கைக்குப் போன பிறகு எழுதுவதைவிட அதற்குப் பலன் அதிகம். மேல் தளக் கான்கிரீட் போடுகிற மாதத்திலிருந்தே ஒருவரைக் கவனிக்கச் சொல்லி வையுங்கள்.